பேனலுக்கு முன்னால் மீட்டர்

காசு குறைவாக இருக்கிற சோலார் ஆய்வுகூடத்தில் முதலில் குறைக்க வேண்டிய செலவு பேனல். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பன்விலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தொழில்நுட்பம் படிப்பிக்கிற சேர் ஒருவரும் நம்பவில்லை. பழைய மாணவர்கள் கொஞ்சம் காசு சேர்த்துத் தந்திருக்கிறார்கள், உயர்தரப் பிள்ளைகள் சோலார் பழக ஓர் அறையும் இருக்கிறது, என்னென்ன வாங்கலாம் என்று கேட்டார். பேச்சு உடனே எத்தனை வாட், எத்தனை பேனல், எந்தக் கம்பனி என்று போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. காசு கொடுக்கிறவர்களுக்குக் கூரையில் நீலமாக ஏதாவது தெரிய வேண்டும், கீழே பெயர்ப்பலகை வேண்டும். ரிப்பன் வெட்டிப் படம் பிடித்து முகநூலில் போட ஒரு பெட்டி மல்டிமீட்டர் உதவாது.

கூரையில் ஏற்றிய பேனல் நன்றாகத்தான் வேலை செய்யும். பல்ப் எரியும், பிள்ளைகள் கை தட்டுவார்கள், பாடம் முடிந்துவிடும். அடுத்த தவணையில் அதை யாரும் அண்ணாந்தும் பார்க்கமாட்டார்கள். பழகுகிற பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பேனல் வேண்டும்: திருப்ப, மறைக்க, நனைக்க, பின்னால் உள்ள பெட்டியைக் கழற்றிப் பார்க்க. ஒவ்வொன்றைச் செய்யும்போதும் என்ன மாறுகிறது என்று இலக்கத்தில் காட்ட மீட்டர் வேண்டும்.

ஆகவே நான் சொன்ன கணக்கு இது. கையில் நூறு ரூபா இருந்தால் நாற்பதை அளக்கிற சாமான்களுக்குக் கொடுங்கள். இருபது ரூபாவுக்கு வயர், கனெக்டர், பியூஸ், டீசி பிரேக்கர், பலகை. பேனலுக்குப் பதினைந்து. பெட்டரிக்கும் சார்ஜ் கண்ட்ரோலருக்கும் சேர்த்துப் பதினைந்து. மிச்சப் பத்தைத் தொடாதீர்கள். முதல் தவணை முடிவதற்குள் ஏதாவது ஒரு மீட்டர் புகையும், அப்போது தேவைப்படும்.

சேருக்கு இது பிடிக்கவில்லை. "பதினைந்து ரூபாய்க்கு என்ன பேனல் வாங்குறது, அண்ணே?" என்றார். 20 வாட் போதும் என்றேன். வேண்டுமென்றேதான் 20 வாட். பௌதிகவியல் ஆய்வுகூடத்து அலுமாரியில் பழைய ரியோஸ்டாட் ஒன்றாவது தூசி பிடித்துக் கிடக்கும். ஓரிரண்டு அம்பியரைத்தான் அது தாங்கும். 36 கலம் உள்ள 20 வாட் பேனல் உச்ச வலு கொடுக்கும்போது ஏறக்குறைய 17.5 வோல்ட், 1.1 அம்பியர், அதற்குப் பொருந்தும் தடை 15 ஓம் அளவு. ரியோஸ்டாட்டின் எல்லைக்குள் அழகாக விழுகிறது. அதே இடத்தில் 100 வாட் பேனலைக் கொண்டுவந்தால் 5.6 அம்பியர் ஓடும். சுருளில் புகை வரும். அதைத் தாங்குகிற சுமை வாங்கத் தனியாகக் காசு தேட வேண்டும். பேனல் பெரிதாகப் பெரிதாக அதைச் சுற்றியுள்ள எல்லாமே பெரிதாகும். இப்போது சந்தையில் மலிவாகக் கிடைக்கிற 500 வாட் பேனல்களைப் பற்றி ஒரு வார்த்தை: வாட் கணக்கில் பார்த்தால் அவைதான் லாபம். ஆனால் ஆள் உயரத்தைவிட நீளம், தூக்க இரண்டு பேர் வேண்டும், மேசையில் வைக்க முடியாது. வீட்டுக்கு வாங்குங்கள், வகுப்புக்கு வேண்டாம்.

ரியோஸ்டாட் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. மின்சார அடுப்புக்குப் போடுகிற கொயில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட் கொயில் என்றால் அதன் தடை 53 ஓம். நைக்ரோம் கம்பி என்பதால் சூடானாலும் தடை பெரிதாக மாறாது. அதைப் பலகையில் ஆணி அடித்து நீளமாக இழுத்துக் கட்டி, முதலைக் கிளிப் ஒன்றை அதன்மேல் நகர்த்தினால் அதுவே ரியோஸ்டாட். சுவரில் உள்ள பிளக்கில் மட்டும் அதை யாரும் சொருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் பாடம். பேனலை வெயிலில் சாய்த்து வைத்து, எதையும் பொருத்தாமல் மீட்டரால் தொட்டால் 21, 22 வோல்ட் காட்டும். மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி மறுபடி தொட்டால், நல்ல வெயிலில் 1.2 அம்பியர் அளவில் வரும். இரண்டையும் பெருக்கினால் 26 வாட். லேபலில் 20 என்றுதானே இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 22 வோல்ட் இருக்கும்போது ஓட்டம் இல்லை. 1.2 அம்பியர் ஓடும்போது வோல்ட் இல்லை. கொயிலில் கிளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மீட்டரையும் வாசித்து வரைபுத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டு போனால், கோடு வெகுதூரம் தட்டையாகவே போகும். 17 வோல்ட்டுக்குப் பக்கத்தில் முழங்கை மாதிரி மடங்கிக் கீழே இறங்கும். அந்த முழங்கையில்தான் 20 வாட். சோலார் தொழிலில் எம்பிபிடி என்று விற்கிற பெட்டிகள் எல்லாம் நாள் முழுக்கச் செய்வது அந்த முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு உடனே ஒரு பயன் உண்டு. மலிவு விலையில் எம்பிபிடி என்று ஒட்டி வருகிற சார்ஜ் கண்ட்ரோலர்களில் பல உள்ளே முழங்கையைத் தேடாத வெறும் பிடபிள்யூஎம். திறந்து பார்க்கத் தேவையில்லை. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பேனல் பக்கத்து வோல்ட்டை அளந்தால் போதும். 17க்குப் பக்கத்தில் நின்றால் உண்மையான எம்பிபிடி. பெட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுபட்டுக் கிடந்தால் லேபல் பொய். கண்டி டவுனில் கண்ட்ரோலர் வாங்கப் போகிற அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பதினேழு வயதுப் பிள்ளையால் முடிகிறது என்றால், அந்த ஆய்வுகூடம் போட்ட காசைத் திருப்பி எடுத்துவிட்டது.

மேலே பேனலின் இரண்டு முனைகளையும் மீட்டர் வழியாக நேராகச் சேர்க்கச் சொன்னேன். பேனல் அதைத் தாங்கும். ஷார்ட் செய்தாலும், வேலை செய்யும்போது ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் கூட ஓடும். பெட்டரி அப்படி இல்லை. பழைய யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய சின்ன 7 அம்பியர்-அவர் பெட்டரிகூட, ஷார்ட் ஆனால் வயரைச் சிவக்க வைக்கும். அம்பியர் துளையில் வயரை வைத்தபடி பெட்டரியைத் தொட்டால் மீட்டர் அந்தக் கணமே போகும், கையும் சுடலாம். ஆகவே பெட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், அதை யாரும் கழற்ற முடியாதபடி. இன்னொன்று, இரண்டு மூன்று பேனலைத் தொடராக இணைத்து வோல்ட்டைக் கூட்டுகிற ஆசை சேர்மாருக்கு வரும். வேண்டாம். வீட்டுக் கூரைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் டீசி ஓடுகிறது. ஏசி ஒவ்வொரு செக்கனும் நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டீசியில் அந்த இடைவெளியே கிடையாது, பற்றிய பொறி நின்று எரியும். அதைப் படமாகக் காட்டுங்கள். மேசையில் 22 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பம். மதியம் வெயிலில் கிடக்கிற பேனல் தொட்டால் சுடும், 55 பாகைக்கு மேலேயே இருக்கும். வோல்ட்டை எழுதிக்கொண்டு, தண்ணீர் தெளித்துக் குளிர வைத்துத் திரும்ப அளந்தால், 25 பாகை இறங்கியிருந்தால் 36 கலப் பேனலில் ஒன்றே முக்கால் வோல்ட் அளவு ஏறியிருக்கும். வெயில் கூடினால் வலு கூடும் என்று நினைக்கிறோம். ஒளி கூடினால்தான் கூடும், சூடு கூடினால் குறையும். யாழ்ப்பாணத்துக் கூரையையும் நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கூரையையும் ஒப்பிட்டுப் பேச இது நல்ல இடம்.

நிழலும் அப்படித்தான். 36 கலமும் ஒரே சரமாக இருப்பதால், ஒரேயொரு கலத்தைக் கடதாசி அட்டையால் மூடினால் முழுப் பேனலும் படுத்துவிடும். பைபாஸ் டயோட் இருந்தால் பாதி தப்பும். சின்னப் பேனல்களில் சிலவற்றில் அது இருக்காது. பின்பெட்டியைத் திறந்து பார்ப்பதே ஒரு பாடம். சவுக்கு மரத்தின் நிழல் ஓர் ஓரத்தில் விழுகிற கூரைக்குப் பேனல் போட்டுவிட்டு, கம்பனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்புகிற ஆட்களை வத்தேகமத்திலும் பார்க்கலாம், கண்டியிலும் பார்க்கலாம்.

பன்விலயில் ஆய்வுகூடம் போடுவதில் ஒரு வசதி இருக்கிறது. எங்களுக்கு வெயில் குறைவு என்று பலர் குறையாகச் சொல்வார்கள். பிற்பகல் நக்கிள்ஸ் பக்கமிருந்து மூட்டம் இறங்கும், வடகீழ்ப் பருவத்தில் நாள் கணக்கில் சூரியனே தெரியாது. வீட்டுக்குப் பேனல் போடுகிறவருக்கு அது நட்டம். படிப்பிக்கிறவருக்கு வானமே ஓர் உபகரணம். வெயில் நாளில் பேனலைக் கிழக்கே திருப்பி, மேற்கே திருப்பி அளந்தால் மின்னோட்டம் ஏறி இறங்கும். மூட்ட நாளில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும், ஏனென்றால் ஒளி வானம் முழுவதிலுமிருந்து வருகிறது. முகில் கலைந்து சூரியன் அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கிற சில நிமிடங்களில், லேபலில் எழுதியதைவிடக் கூடுதலாகவே மின்னோட்டம் வரும். நேர் ஒளியோடு முகிலில் பட்டுத் தெறித்ததும் சேர்ந்துகொள்கிறது. மேகமே இல்லாத ஊரில் இதைக் காட்ட முடியாது.

சாய்வும் அதேபோல. பேனல் தெற்கே பார்க்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவை வடக்கே எங்கேயோ இருந்து எழுதப்பட்டவை. கண்டி ஏறக்குறைய 7.3 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னால் ஒரு நாள் மதியம் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்டு வைத்த தடிக்கு நிழல் இருக்காது. பிறகு வடக்கே போய், செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பவும் உச்சிக்கு வரும். இடையில் ஏறக்குறைய ஐந்து மாதம் மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கேதான். ஜூனில் தெற்கே பார்த்துச் செங்குத்தாகச் சாய்த்த பேனல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பிணைச்சல் போட்ட பலகை ஒன்றில் பேனலை வைத்து, மாதத்துக்கு ஒரு மதியம் ஒவ்வொரு சாய்வாக அளந்தால் பிள்ளைகளே அட்டவணை போட்டுவிடுவார்கள். நம் ஊரில் பத்துப் பாகை போடுவது ஒளிக்காக என்பதைவிட, மழை தூசியைக் கழுவிக்கொண்டு போவதற்காக. சூரியன் உச்சிக்கு வருகிற ஏப்ரலில் விடுமுறை விட்டுவிடுவார்கள், செப்டம்பரைத் தவற விடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஒளியை அளக்க வேண்டும். அதற்கென்று உள்ள பைரனோமீட்டரின் விலையைக் கேட்டால் பழைய மாணவர் சங்கமே கலைந்துவிடும். அதற்குப் பதில், கைப்பிடி அளவுச் சோலார் கலம் ஒன்றின் முனைகளை 0.1 ஓம் தடையால் சேர்த்து, அந்தத் தடையின் குறுக்கே மில்லிவோல்ட்டை வாசியுங்கள். குறுஞ்சுற்று மின்னோட்டம் ஒளிக்கு நேர்விகிதம் என்பதால் அதுவே ஒளிமானி. சூரியன் உச்சியில் நிற்கிற தெளிந்த மதியத்தில் கிடைக்கிற எண்ணைச் சதுர மீற்றருக்கு 1000 வாட் என்று வைத்துக்கொண்டால் வகுப்புக்குப் போதும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போதாது. அது நமக்குத் தேவையும் இல்லை.

நாள் முழுக்கப் பதிவு செய்ய ஆர்டுயினோ ஒன்று, ஐஎன்ஏ219 சில்லு ஒன்று, வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 ஒன்று, மெமரி கார்ட் பலகை ஒன்று. கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் ஒரே நடையில் எல்லாம் முடியும். ஐஎன்ஏ219 தாங்குவது 26 வோல்ட். 36 கலப் பேனல் என்பதால்தான் இது சரிவருகிறது, 60 கலப் பேனலில் வைத்தால் சில்லு போய்விடும். இதே சாமான்களோடு 10,000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்துப் பேனலின் குறுக்கே போட்டால், வெறுமையாக இருந்த கொள்ளளவி நிரம்புகிற கால் செக்கனுக்குள் ஷார்ட்டிலிருந்து 21 வோல்ட் வரை முழு வளைகோடும் பதிவாகிவிடும். கொயிலில் கிளிப்பை நகர்த்தி ஒரு பாடவேளை முழுக்க எடுத்ததை இது கண் இமைக்கிற நேரத்தில் எடுக்கும். ஆனாலும் முதலில் கொயில், பிறகுதான் இது. கையால் வரையாத பிள்ளைக்குத் திரையில் வருகிற கோடு வெறும் படம்.

பேனலுக்குப் பதினைந்து ரூபா போதும் என்று நான் துணிந்து சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த நாட்டில் பழைய பேனல்கள் நிறையக் கிடக்கின்றன. 1997 இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்திலும், 2002 இல் அதைத் தொடர்ந்து வந்த திட்டத்திலும் மின்சார லைன் எட்டாத கிராமங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சோலார் போனது. சின்னப் பேனல் ஒன்று, பெட்டரி ஒன்று, சில பல்ப், கறுப்பு வெள்ளை டீவி. சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற அமைப்புகள் தவணைக் கடன் கொடுத்தன. பிறகு லைன் வந்தது, பெட்டரி செத்தது, பேனலைக் கழற்றி ஓரத்தில் வைத்தார்கள். சிலிக்கன் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. மஞ்சள் பூத்த, மூலையில் ஈரம் ஏறிய, கண்ணாடி வெடித்த பேனல்களையும் வளைகோடு எடுத்துப் பாருங்கள்: ஒன்றில் முழங்கை உருண்டு போயிருக்கும், ஒன்றில் படிக்கட்டு விழுந்திருக்கும். எங்கே என்ன பழுது என்று கோட்டைப் பார்த்தே சொல்லப் பழகுகிற பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்கிறது. புதுப் பேனல் இதில் எதையும் காட்டாது.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பேர்ஃபுட் கல்லூரி இருக்கிறது. பங்கர் ராய் 1972 இல் தொடங்கியது. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாரை ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வரவழைத்து ஆறு மாதத்தில் சோலார் பொருத்தவும் திருத்தவும் பழக்கி வந்திருக்கிறார்கள். பொது மொழி கிடையாது. நிறங்களும் சைகையும்தான் பாடப்புத்தகம். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிரச்சினை இல்லை, ஆனால் கண்ட்ரோலரோடு வருகிற கைந்நூல் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு நிற டேப், சுவரில் அதே நிறத்தில் பெரிய வரைபடம். இருபது ரூபா ஒதுக்கச் சொன்னதில் இதுவும் அடக்கம்.

கண்டி மாவட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் கேள்விப்பட வேண்டிய ஒரு கதையும் உண்டு. ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவருடைய குழுவினரும் சாயமூட்டிய சூரியக் கலங்களில் வேலை செய்தவர்கள். 1991 இல் சுவிட்சர்லாந்தில் ஓரீகனும் கிரெட்ஸலும் திரவம் நிரப்பிய கலத்தை வெளியிட்டார்கள். திரவம் கசியும், காயும். ஹந்தானைக்காரர்கள் திரவத்துக்குப் பதில் செப்பு அயடைட்டை வைத்து, முழுக்கத் திண்மமான கலத்தை 1995 இல் வெளியிட்டார்கள். பூக்களின் சிவப்பு நிறச் சாயத்தையும் சோதித்தார்கள். இதன் எளிய வடிவத்தை வகுப்பில் செய்யலாம்: பெயின்ற்றில் போடுகிற வெள்ளை தைத்தேனியம் டையொக்சைட், செவ்வரத்தம் பூச்சாறு, அயடீன், பென்சில் கரி. அரை வோல்ட்டுக்குக் கிட்ட வரும். செலவு எங்கே என்றால் மின் கடத்துகிற கண்ணாடியில். அது வெளியிலிருந்து வர வேண்டும், பூச்சை 450 பாகையில் சுடவும் வேண்டும். முதல் வருடம் வாங்காதீர்கள். கதையை மட்டும் சொல்லுங்கள், கதைக்குக் காசு இல்லை.

வகுப்பில் கட்டாயம் வரப்போகிற கேள்வி ஒன்று மிச்சம்: லைன் போனால் பேனலும் ஏன் நிற்கிறது? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்றார் அமைச்சர், உலகமே சிரித்தது. அன்று நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்திலும் கூரையில் பேனல் வைத்திருந்த வீடுகள் இருண்டன. லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைன் செத்தால் தானும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் செத்துப்போவார். அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறையும் என்று, கூரைப் பேனல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2016 இல் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபா தருகிறோம் என்று அழைத்த அதே நாடு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த அதே நாடு. மேசையில் உள்ள 20 வாட்டைக் கொண்டு, லைன் செத்ததும் இன்வெர்ட்டர் நிற்பதைச் செய்து காட்ட முடியாது, முயலவும் வேண்டாம். கரும்பலகை போதும்.

அந்த 22 ரூபா எங்கள் தோட்டத்து ஆட்களில் எத்தனை பேருக்குப் போனது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். லயத்துக் கூரை அங்கே குடியிருக்கிறவருடையது இல்லை. தன் பெயரில் கூரை இல்லாதவன் தன் பெயரில் பேனல் போட முடியாது. ஆனால் நாட்டின் கூரைகளில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஏறிவிட்டது. அவ்வளவையும் கழுவ, திருத்த, பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் பன்விலயிலிருந்து போகலாம், கொழும்புக் கடைகளில் சாமான் தூக்குகிற வேலைக்குப் பதிலாக.

சேர் கடைசியில் ஒப்புக்கொண்டார், பெயர்ப்பலகை விஷயத்தைத் தவிர. அதை மீட்டர் அலுமாரியின் கதவில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அலுமாரிக்கு நல்ல பூட்டு வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்ச ஏதாவது போட வேண்டும். நம் பக்கத்து மூட்டத்தில் மீட்டரின் சுவிட்ச் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடித்துவிடும்.

பழைய 20, 35, 50 வாட் பேனல் வீட்டுப் பின்புறத்தில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்தால் எனக்கு எழுதுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். கண்ணாடி வெடித்திருந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஒட்டியிருக்கிற லேபலை மட்டும் கிழித்துவிடாதீர்கள். முதலில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது எவ்வளவு போயிருக்கிறது என்று பிள்ளைகள் கணக்குப் போட முடியும்.